முகப்புப் படம்

ஆறாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு வெப்சைட் தயாரித்துக்கொண்டிருந்தாள் ஆசிரியை அக்சிலியா. முகப்பில் வகுப்புப் படத்தை வைத்திருந்தாள். பின்னால் வந்து நின்ற தாளாளர் அதில் ஒரு முகத்தைக் காட்டினார். பள்ளிச் சுற்றுலாவின்போது ஜேடர்பாளையத்தில் ஆற்றோடு போன சௌமியா.

“இந்தப் புள்ளைய எடுத்துடுங்க டீச்சர். அட்மிசன் நேரமுங்க. அந்த எடத்துல ‘பி’ செக்சன் பிரின்சிய ஒட்டிடுங்க. நல்லா மார்க் வாங்கற புள்ள.”

அக்சிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாமதானுங்க சார் அவளக் கூட்டிட்டுப் போனோம்!”

“சொன்னதச் செய்யுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள்.

மறுநாள் காலை பிரின்சியின் அம்மா போன் செய்தார். “ஏனுங்க டீச்சர், வெப்சைட் படத்துல எல்லாப் புள்ளைங்களும் காஞ்ச துணியில நிக்கறாங்க. எம்புள்ள மட்டும் ஏனுங்க சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்குது?”

அக்சிலியா திரையைப் பார்த்தாள். எழுந்து போய், போனைத் தாளாளர் கையில் திணித்தாள்.

“நீங்களே சொல்லுங்க சார்.”