துறைமுகம் இல்லாத கரை

அல்லிநகரத்து மாடிவீட்டு ஜன்னலுக்கு வெளியே மலைகள் பிற்பகல் வெயிலில் வெளுத்து நிற்கின்றன. கடல் முனீஸ்வரியின் கணினித் திரையில் மட்டும் இருக்கிறது. துறைமுகம் இல்லாத ஒரு மணற்கரைக்கு எட்டத்தில் கப்பல் நங்கூரமிட்டிருக்க, சின்னப் படகுகள் ராணுவச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகின்றன. எல்லாம் அவள் எழுதிய நிரல். இந்தச் சோதனை தேறினால் அடுத்த மாதம் இதே அளவு அலையில் நிஜப் பயிற்சி நடக்கும். அலை ஒன்றரை மீட்டர் எழும்புகிறது. ஏழாவது படகு கவிழ்கிறது. ஆனாலும் நேற்று அறிக்கை அனுப்பிய சோதனையைப் போலவே திரையின் மூலையில் ‘தேர்ச்சி’ என்று பச்சை எழுத்து ஒளிர்கிறது. பின்னால் நிற்கும் கணவன் ஆதித்தன் குனிந்து பார்க்கிறான். பட்டாளத்தில் இருந்தபோது இப்படியொரு படகிலிருந்து விழுந்து, தோள் முறிந்து ஊர் திரும்பியவன் அவன்.

“அந்தப் படகுல ஆளு எத்தன?”

“நாலு பேரு.”

“அவுக என்ன ஆனாக?”

“சரக்கு எம்புட்டு கரை சேருதுன்னுதான் கம்பெனில கேட்டாக” என்கிறாள். அவன் இடது தோளைத் தடவிக்கொள்கிறான். அவள் நிரலைத் திறந்து, படகில் இருக்கும் ஆட்களையும் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டுகிறாள். அதே அலை, அதே படகு. பச்சை எழுத்து சிவப்பாகிறது. அறிக்கையை அப்படியே அனுப்பிவிடுகிறாள். சற்று நேரத்தில் சென்னையிலிருந்து மேலாளர் போனில் வருகிறார்.

“நேத்து தேறின சோதனை இன்னைக்கு எப்படிம்மா தோத்துச்சு?”

“நேத்து ஆளில்லாம ஓட்டுனோம் சார்.”