பக்கத்தில் நிற்பவன்

பெரிய டாக்டர் கத்தியை எடுத்தால் பக்கத்தில் நிற்பவன் செல்லப்பிள்ளைதான். எங்கள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு அதுதான் பெயர். அவர் எது சொன்னாலும், "கரெக்ட் சார்!"

ஆபரேஷன் முடிந்து இருவரும் சிரித்துக்கொண்டே காபி குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அங்கே நின்றவன்தான். ஒருமுறை, "சார், தையல் போடாதீங்க. ஒரு பஞ்சு குறையுது" என்று தடுத்தேன். பஞ்சு நோயாளியின் வயிற்றுக்குள்தான் இருந்தது. அன்றோடு என்னை வார்டுக்குத் தள்ளிவிட்டார்.

இன்று நர்ஸ் ஓடிவந்தார்.

"டாக்டர், உடனே தியேட்டருக்கு வாங்க. பெரிய டாக்டர் உங்களத்தான் கேக்கறார்."

"ஏன், செல்லப்பிள்ளை எங்க?"

"வெளிய நிக்கறார். மூஞ்சியே சரியில்ல."

மனம் குளிர்ந்து ஓடினேன்.

மேஜைமேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார் பெரிய டாக்டர்.

"அவன் வேண்டாம்ப்பா, பயமா இருக்கு. நீயே பண்ணு" என்று என் கையைப் பிடித்தார். "மூடறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணிடு."