மீசைக்காரன் தோட்டம்

"பாஸ்வேர்டைச் சொல்லு!"

கேட்டே விட்டாள். ஹெட்செட்டை மாட்டினால் விரிகிற அந்த மாய உலகத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலில் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான்: தலையே போனாலும் யாரிடமும் பாஸ்வேர்டைக் கேட்காதே, கேட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

எதிரே நின்றவன் அசையவில்லை. பனைமர உயரம், காதைத் தொடும் மீசை, முழங்கால் வரை பூட்ஸ். கையில் பூவாளி.

"சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"திருட்டுப் பயலுக்கு உபதேசம் வேறயா? இது எங்கம்மா தோட்டம்யா!"

"தெரியும்" என்றான் மீசைக்காரன். தெரியுமாம்! அவள் பல்லைக் கடித்தாள்.

அம்மா வீடு வீடாகத் துணி வாங்கி வந்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுப் போட்டே மகளைப் பட்டதாரி ஆக்கியவள். முதுகு ஒத்துழைக்க மறுத்து அவள் வீட்டோடு முடங்கியதும், மகள் முதல் சம்பளத்தில் ஒரு ஹெட்செட்டும் கையுறையும் வாங்கிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டால் தோட்டம். அம்மா அங்கே ரோஜா வளர்த்தாள். பேச்சுக்கு ஆள் சேர்த்தாள்.

அங்கேதான் மகளுக்குப் பயம் பிடித்தது. முகமும் பொய், குரலும் பொய், கையுறை காட்டுகிற கை அசைவு மட்டுமே அவரவர் சொந்தம் என்கிற இடத்தில் எவனை நம்புவது? ஏமாந்தவர்களின் ஒப்பாரியை நாள் முழுக்கக் கேட்கிற காது அவளுடையது.

அம்மாவின் பாஸ்வேர்டைத் தானே போட்டுக் கொடுத்தாள், தானும் வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் பூட்டுப் போட்டாள். வந்து போனவர்கள் அத்தனை பேருக்கும் தடை விதித்தாள்; 'அக்கா, அக்கா' என்று ஒட்டிக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துக்காரிக்கும் சேர்த்து. ஈ, காக்கை நுழையவில்லை.

"நாளைக்கு என் குரல்லயே ஒருத்தன் வந்து பாஸ்வேர்ட் கேப்பான். அப்பவும் சொல்லாத" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியும் வைத்தாள்.

அப்படியும் போன வாரம் அம்மா வந்து நின்றாள். "யாரோ பரிசு விழுந்திருக்குன்னான். சொல்லிட்டேன்டி. பாஸ்வேர்டை மாத்திட்டான், தோட்டம் போச்சு."

மகள் ஆடித் தீர்த்துவிட்டாள். "உன்ன வீட்ல வச்சுக்கிட்டு நான் ஊருக்குக் காவல் காக்கறேன் பாரு, என்னச் சொல்லணும்!" அம்மா ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

இப்போது பூட்டையும் காணோம், தடையையும் காணோம். வாசல் 'ஆ'வென்று திறந்து கிடந்தது. பெஞ்சில் நாலைந்து பேர் கதை பேசிக்கொண்டிருக்க, நடுவே சட்டமாக அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி.

"ஏம்மா காவலு, அவர் பாட்டுக்குத் தண்ணி ஊத்திட்டிருக்காரு. உனக்கு எங்க வலிக்குது?"

"கூட்டுக் களவாணிங்களா!"

அவள் கையை உயர்த்தினாள். காற்றில் சிவப்புப் பொத்தான் ஒன்று முளைத்தது. தொட்டால் போதும், கணக்கோடு தோட்டமும் வேரோடு அழியும், திரும்ப வராது. அம்மாவுக்கு இல்லாத ரோஜா எவனுக்கும் வேண்டாம்.

"கடைசியாக் கேக்கறேன். பாஸ்வேர்டைச் சொல்றியா, எல்லாத்தையும் அழிக்கவா?"

மீசைக்காரன் பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"அழிக்கறதுன்னா அழிச்சுக்கோ. அதிகாரம் உன்கிட்டதான இருக்கு? ஒரு செடி பாக்கி. அதுக்கு மட்டும் தண்ணி காட்டிக்கறேன்."

பூவாளியைக் கீழே வைத்தான். ஒரு உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, மறுகை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு இலைமேல் உதறினான். பிறகு அந்த இலையை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் ஒரே இழுப்பாக நீவிவிட்டான். அடுத்த இலைக்கும் அதே உதறல், அதே நீவல்.

அவள் விரல் பொத்தானுக்கு முன்னால் அப்படியே நின்றது.

"கதவை இப்படித் தொறந்து போட்டா... எவனாவது வந்து ஏமாத்திட மாட்டானா?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"பயம் இல்லாமலா? ஒருத்தன் ஏமாத்த வந்தா, அவனத் தொரத்தலாம். வர்றவங்க எல்லாரையும் தொரத்திட்டா, அப்புறம் தோட்டம் எதுக்கு? நான்தான் எதுக்கு?"

அவள் கையை இறக்கினாள். பொத்தான் மறைந்தது. வாசலைத் தாண்டியவள் கதவைச் சாத்தவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றினாள். அலுவலகத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் மறைத்த காவலர்கள் கொசு அடிப்பதுபோல் காற்றில் கை வீசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பெயரில் தான் கொடுத்த புகாரை 'முடிந்தது' என்று தட்டி மூடினாள்.

பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும். பாஸ்வேர்ட் கேட்ட காவலரிடம் மேலாளர் அடுத்துக் கேட்கப்போவது கழுத்து அட்டையைத்தான். அவருக்கு அந்தச் சிரமம் எதற்கு? அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஏம்மா, ஷிஃப்ட் முடியல, எங்க போற? உங்கம்மா தோட்டத்துத் திருடன் சிக்குனானா, இல்லையா?" மேலாளர் பின்னாலிருந்து கேட்டார்.

கதவைத் தள்ளித் திறந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல சார். எங்கம்மா தப்பிச்சுட்டாங்க."