அரையில் எத்தனை கால்

பவி தோசையைச் சரிபாதியாகப் பிய்த்தாள்.

ஒரு பாதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். இன்னொன்றை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்ட்டுடாதக்கா. இத கொஞ்சம் பாரு.”

அக்கா தமயந்தி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. தெருமுனைக்கு கம்பெனி பஸ் வரும் நேரம்.

“காலங்காத்தால இன்னாடி வெளாட்டு?”

“வெளாட்டு இல்லக்கா. இந்த அரைத் தோசையில எத்தினி கால் தோசை இருக்கு, சொல்லு.”

நேற்று சாயங்காலமே சொல்லியிருப்பாள். அக்கா ஓவர்டைம் முடிந்து வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நேற்று மதியம்தான் பவிக்கே புரிந்தது.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கணக்கு மேடம் கரும்பலகையில் எழுதினார். அரை வகுத்தல் கால். விடை என்ன?

எல்லோரும் சொன்னார்கள். இரண்டு. பின்னால் இருக்கும் எண்ணைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து போட்டுப் பழகியதுதான்.

அரையை வகுத்தால் அரையைவிடப் பெரிதாக எப்படி வரும் என்று மேடம் கேட்டார்.

சீக்கிரமே டீச்சராகப் போகிற அத்தனை பேரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள்.

மேடம் திட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மடித்துக் காட்டினார். அரைக்குள் கால் எத்தனை தடவை அடங்கும்? இரண்டு தடவை. அதைத்தான் கேட்கிறது கணக்கு.

பிறகு சொன்னார். “வகுத்தா எப்படி கூடும்னு ஒரு குழந்தை கேட்டா, பாடத்த அங்கேயே நிறுத்திடுங்க. அந்த வகுப்புல அந்தக் குழந்தை ஒண்ணுதான் யோசிக்குது.”

பவி பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்தக் குழந்தையை அவளுக்குத் தெரியும்.

அக்கா அப்போது ஏழாவது. பவி மூன்றாவது. ஒரே பள்ளிக்கூடம். தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள் பார்த்தாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், வெயிலில், அக்கா முட்டி போட்டிருந்தாள். ஜன்னலில் தலைகள். சிரிப்பு.

வகுத்தா எப்படி சார் கூடும் என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். எதிர்த்துப் பேசுகிறாயா என்று கணக்கு சார் வெளியே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மக்கு என்பதே அக்காவின் பெயராகிப்போனது. முதலில் சாருக்கு. பிறகு கூடப் படித்தவர்களுக்கு. கடைசியில் வீட்டிலும்.

அக்கா எந்த வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானாள். மறுபடி எழுதினாள். மறுபடியும் ஃபெயில். மக்குக்கு இன்னொரு தடவை எதற்கு என்று அப்பா ஷூ கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

பவி தேறினாள். கணக்கில் நல்ல மார்க்.

கொடிக்கம்பத்தடியில் கற்றுக்கொண்ட பாடம் அது. சொன்னபடி போடு. கேட்காதே.

இப்போது அக்காவின் சம்பளத்தில் டீச்சருக்குப் படிக்கிறாள்.

பவி அரைத் தோசையைப் பிய்க்கக் கை நீட்டினாள். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

“ரெண்டு.”

“அதாங்க்கா! அரைய காலால வகுத்தா ரெண்டு. தோசை ஒண்ணும் பெருசாவல. எத்தினி தபா இருக்குதுன்னுதான் கேக்கறாங்க. நீ அன்னிக்கு கேட்டது சரிக்கா. மேடமே சொன்னாங்க.”

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அக்கா சிரிப்பாள் என்று காத்திருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் நேற்று தூங்கினாள்.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க்கா.”

கல்லில் அடுத்த தோசை தீய்ந்தது. இருவரும் திருப்பவில்லை.

“அந்த சாருக்கு இது தெரியுமாடி?”

தெரிந்தேதான் செய்தார் என்றால் அவரைத் திட்டலாம். அக்காவும் திட்டுவாள். ஆனால் நேற்று மதியம் குனிந்த தலைகள் ஞாபகத்துக்கு வந்தன. அதில் பவியின் தலையும் ஒன்று. நேற்றுக் காலைவரை ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்?

“தெரிஞ்சிருக்காதுக்கா.”

அக்கா தலையாட்டினாள். மெதுவாக, ரொம்ப நேரம்.

“என் மண்டையிலதான் ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அடுப்பை அணைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்தபடி, திரும்பாமலே பேசினாள்.

“பவி, இனிமே இந்த மாதிரி எதுனா தெரிஞ்சிக்கினா எங்கிட்ட வந்து சொல்லாத. தெரிஞ்சி இப்ப நா இன்னா பண்றது?”

குரலில் கோபம் இல்லை.

பவி வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். பஸ் வந்து நின்றிருந்தது. அக்கா ஏறிவிட்டாள்.

உள்ளே நிறைய இடம் காலியாக இருந்தது. கூட வேலை செய்யும் ஒருத்தி ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து சீட்டைத் தட்டிக் கூப்பிட்டாள்.

அக்கா உட்காரவில்லை.

பஸ் திருப்பத்தில் மறையும்வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.