பணியிடம் காலியாக இல்லை

"எங்க வீட்டுக்காரரு வேலையில இருக்காருன்னு சட்டசபைக்கு எழுதிக் குடுத்தது நீங்கதானா சார்?"

உதவிப் பொறியாளர் புகழேந்தி நிமிர்ந்து பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வாசலிலேயே நின்றாள்.

"நீங்க யாரும்மா?"

"தங்கமணி. கிழக்கு வாய்க்கால் லஸ்கர் இராஜாங்கத்தோட சம்சாரம்."

புகழேந்தி அவசரமாக எழுந்து அவளை உள்ளே கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். கிழக்கு வாய்க்கால் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஆளான லஸ்கர் இல்லாமல் கடைமடை வயல்கள் காய்ந்தன. அந்தத் தொகுதியில் புதிதாக ஜெயித்து வந்த எம்.எல்.ஏ. சுடர்விழி, சட்டசபையில் எழுத்து மூலம் கேள்வி கேட்டார். அந்த மதகின் லஸ்கர் பணியிடம் காலியாக உள்ளதா? ஆம் எனில் எப்போது நிரப்பப்படும்?

கேள்வி சென்னையிலிருந்து படிப்படியாக இறங்கிப் புகழேந்தியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவரோ சித்திரையில் மாற்றலாகி வந்தவர். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். மதகு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆள் இல்லை என்று எழுதினால் ஏன், எதற்கு என்று குடைவார்கள். பழைய பட்டியல் ஒன்றில் கண்ணில் பட்ட பெயரை எடுத்து எழுதிவிட்டார்:

'காலியாக இல்லை. திரு. இராஜாங்கம் என்பவர் தொடர்ந்து பணியாற்றி வருகிறார். எனவே இரண்டாவது வினா எழவில்லை.'

மேலே இருந்தவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அமைச்சர் அதை அப்படியே அவையில் வைத்துவிட்டார்.

சுடர்விழி லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை மதகுக்கே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அங்கே ஆள் இல்லாவிட்டால் அவைக்கே பொய் சொன்னதாகிவிடும். முதலில் உருளப்போவது புகழேந்தியின் தலைதான்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் நாளைக்கு மதகுக்கு வருவாரா?" குரல் தானாகவே இறங்கியது.

"வருவாரு. நீங்க எழுதிக் குடுத்த நாள்லேருந்து தெனமும் விடியறதுக்குள்ள அங்க வந்துடறாரு. ஷட்டரைத் தூக்கி விடறாரு. தண்ணி கடைமடை வரைக்கும் பாயுது."

புகழேந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யார் சொல்லி அந்த ஆள் வேலைக்கு வருகிறார் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

"ரொம்ப நல்லதும்மா. எம்.எல்.ஏ. கேட்டா வேலையிலதான் இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன செய்யணும்? வேலையை நிரந்தரமாக்கணுமா? இப்பவே எழுதி அனுப்பறேன்."

தங்கமணி பதறிப்போனாள்.

"ஐயோ, அதை மட்டும் எழுதிடாதீங்க சார்! எனக்கு வேற ஒண்ணு எழுதித் தரணும். அந்தம்மா வந்துட்டுப் போகட்டும், கேக்கறேன்."

மறுநாள் காலை சுடர்விழியின் காருக்குப் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்த தெருநாய், மதகுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. அதன்பிறகு குரைக்கவே இல்லை.

மதகின் மேல், காரிலிருந்து இறங்கிய சுடர்விழிக்கும் கரையில் காத்திருந்த புகழேந்திக்கும் முதுகைக் காட்டியபடி, ஷட்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஒரு வாரமாக மழை இல்லை. ஆனால் அவருடைய காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடைப்பு எடுக்க வாய்க்காலில் இறங்கியிருப்பார் என்று புகழேந்தி நினைத்துக்கொண்டார்.

"நீங்கதான் இராஜாங்கமா?" என்று கேட்டார் சுடர்விழி.

அவர் திரும்பவில்லை.

"திரு. இராஜாங்கம் என்பவர்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"எத்தனை நாளா வேலையில இருக்கீங்க?"

"தொடர்ந்து பணியாற்றி வருகிறார்."

சுடர்விழிக்குக் கை ரோமம் சிலிர்த்தது. அதைத் தடவி விட்டுக்கொண்டு புகழேந்தியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க, சார்."

"கூச்ச சுபாவம் மேடம்," என்று சமாளித்தார் புகழேந்தி.

விவசாயிகள் எல்லோரும் எதிர்க்கரையில் கூட்டமாக நின்றார்கள். சுடர்விழி அவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தண்ணி ஒழுங்கா வருதாங்க?"

"வருதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க," என்றார் ஒருவர், தலையைக் குனிந்தபடி.

"அப்புறம் ஏன் அங்கயே நிக்கிறீங்க? இந்தப் பக்கம் வாங்களேன்."

ஒருவரும் அசையவில்லை.

சுடர்விழி வாய்க்காலில் பாயும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். "சரி. ஆளும் இருக்காரு, தண்ணியும் வருது. என் கேள்விதான் தப்பு போல," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் புகழேந்தி, கரையில் பூவரச மரத்தடியில் நின்ற தங்கமணியிடம் ஏறக்குறைய ஓடினார்.

"பொழச்சேம்மா! இப்ப சொல்லுங்க, என்ன எழுதித் தரணும்?"

"இந்த வேலைக்கு ஆள் இல்ல, காலியாத்தான் கெடக்குன்னு சட்டசபைக்குத் திருத்தி எழுதிக் குடுங்க சார்."

"என்னம்மா விளையாடறீங்களா? ஆள் கண்ணு முன்னாடி நிக்கிறப்ப எப்படிக் காலின்னு எழுதறது? என் வேலையும் போயிடும், அவர் வேலையும் போயிடும்!"

"போகட்டும் சார்." அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு உடைந்தது. "போன ஐப்பசி வெள்ளத்துல ஷட்டர்ல அடைச்ச ஆகாயத்தாமரையை எடுக்க எறங்கினவரு, பொணமாத்தான் மேல வந்தாரு. தற்காலிக ஆளுதானேன்னு உங்க ஆபீஸ்ல பேரைக்கூட அடிக்காம விட்டுட்டாங்க. நாங்க எரிச்சுட்டு வந்த மனுசனை, நீங்க எழுதிக் குடுத்த பதில் திரும்ப இழுத்தாந்து இங்க நிறுத்தியிருக்கு. காலின்னு எழுதிடுங்க சார், அவரு போய்ச் சேரட்டும்."