கெளுத்தி பிடித்த ஆள்

இரவு பத்தரை மணிக்கு ஆற்றோரத் தண்ணீரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அழைத்து வந்தவள் செங்கமலம், இருபது கிலோ கெளுத்தி. அளக்க விலாங்கு, சாட்சிக்கு ஆமை. பிடிபட்ட ஆளின் இடுப்பை விலாங்கு சுற்றும்போது தலையும் வாலும் முட்டாமல் இருந்தால்தான் பெரிய ஆள் என்பது அந்த ஆற்றின் கணக்கு.

பெரிய ஆளைப் பிடிப்பேன் என்று செங்கமலம் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். கிடைத்தது ஒற்றைச் செருப்புதான்.

“அதுவும் பிள்ளைச் செருப்பு,” என்றான் விலாங்கு.

“இன்னிக்கும் மாட்டலேன்னா இந்தப் பேச்சை விட்டுடணும், செங்கமலம்,” என்றான் ஆமை.

அந்தப் பேச்சுதான் அவளுக்கு உயிர். ஆனாலும் தலையாட்டினாள்.

கோழிக்குடல் கோத்த தூண்டில் இறங்கியது. செங்கமலம் முள்ளைத் தொடாமல் தூண்டில் நரம்பை மட்டும் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தாள். “பெருசுடா, பெருசுடா!” என்று கத்திக்கொண்டே ஓர் ஆள் டார்ச் லைட்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். கரையில் அவருடைய நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“பெருசுன்னு அவனே சொல்றான், கேட்டீங்களா!” என்றாள் செங்கமலம்.

விலாங்கு சுற்றி அளந்தான். ஆள் அலறினார். தலையும் வாலும் லேசாக முட்டின.

“சின்னதுதான், அக்கா. விட்டுடு, வளரட்டும்.”

“மயிரிழைதான் குறைச்சல்,” என்று சாட்சி சொன்னான் ஆமை. “பேச்சை விட வேணாம்.”

செங்கமலம் சிரித்துக்கொண்டே நரம்பை விட்டாள்.

அடுத்த ஆண்டு மாசி ஒன்பதாம் தேதி அதே ஆள் அதே இடத்தில் விழுந்தார். விலாங்கின் தலைக்கு வால் எட்டவில்லை.