இடது சக்கரத்து எலுமிச்சை

ஆயுதபூஜை வெயில் சந்தனம் அப்பிய பஸ் கண்ணாடியில் பட்டு மலையாண்டியின் கண்ணைக் கூச வைக்கிறது. காளவாசல் டிப்போவில் அவர் உதவி மேலாளர். மேலாளர் நாற்காலி காலியானபோது அது தனக்குத்தான் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அதில் உட்கார்ந்திருக்கும் சுருளிவேல் அவரிடம் வேலை பழகியவன். கழுத்தில் மாலையும் மொடமொடக்கும் புது வேட்டியுமாகப் பூசணிக்காயைத் தூக்கி வண்டியைச் சுற்றுகிறான். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைக்கிற வேலை மட்டும் வழக்கம்போல மலையாண்டிக்கு. பூசணி சிதறுகிறது. டிரைவர் கருப்பு ஹாரனை அலறவிட்டு ஒத்தக்கடை போகும் அந்த வண்டியை நகர்த்துகிறார். வலதுபக்கப் பழம் சாறு தெறிக்க நசுங்குகிறது. இடதுபக்கப் பழம் வழுக்கி, முழுசாக உருண்டு வந்து மலையாண்டியின் செருப்பில் முட்டி நிற்கிறது. வேறு யாரும் பார்க்கவில்லை. நசுங்காத பழத்தைப் பார்த்தால் போதும், புது மேலாளர் ராசியில்லாதவர் என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் திருநகர்வரை போய்விடும். வேண்டுமென்றே ஓரமாக வைத்தோமா என்று அவருக்கே தெரியவில்லை. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். “அண்ணே, அங்கிட்டு என்ன பண்றீக? வாங்க, மொத ஆளா நீங்க ஏறுங்க,” என்று சுருளிவேல் தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போடுகிறான். கண்டக்டர்கள் கைதட்டுகிறார்கள். “இம்புட்டுப் பெரிய மனசு யாருக்கு வரும்!” என்கிறார் கருப்பு, சுருளிவேலைப் பார்த்து. மலையாண்டியும் சிரிக்கிறார். சட்டைப்பைக்குள் அவர் விரல்கள் அந்தப் பழத்தை நசுங்கிவிடாமல் பத்திரமாகப் பிடித்திருக்கின்றன.